யாருடைய படையை அழைப்பது? நலிந்த அரசுகளின் முன் இருக்கும் ஐந்து வழிகள்

அமைதிப் படைகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களும் பன்னாட்டுச் செய்திகளை விடாமல் வாசிப்பவர்களும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். சொந்த ராணுவத்தால் தன் மாகாணம் ஒன்றைக் காக்க முடியாத ஏழை நாடு யாரை உதவிக்கு அழைக்க வேண்டும்? ஐ.நா. படையையா, வட்டார அமைப்பின் படையையா, நட்பு நாடு ஒன்றின் ராணுவத்தையா, பணத்துக்குப் போரிடும் நிறுவனத்தையா, அல்லது ஒரு காலத்தில் ஆண்டுவிட்டுப் போன வல்லரசையா? பிரான்ஸைப் பிடிக்காதவர் ரஷ்யாவைச் சொல்வார்; ரஷ்யாவைப் பிடிக்காதவர் ஐ.நா.வைச் சொல்வார். முடிவெடுக்க வேண்டிய அமைச்சருக்கு இந்த விருப்பு வெறுப்புகளால் பெரிய பயன் இல்லை.

இந்த ஒப்பீட்டின் நடுவில் மொசாம்பிக்கை வைத்திருக்கிறேன். 2019 முதல் 2024 வரையிலான ஐந்து ஆண்டுகளில் கூலிப்படை, தனி நாட்டின் படை, வட்டாரப் படை ஆகிய மூன்றையும் ஒரே மாகாணத்தில் பயன்படுத்திப் பார்த்த நாடு அது. நாட்டின் வட கோடியில், தான்சானிய எல்லையை ஒட்டிய காபோ டெல்கடோ மாகாணத்தில் 2017 அக்டோபரில் தீவிரவாதிகளின் தாக்குதல்கள் தொடங்கின. அதே கடற்கரையில்தான் டோட்டல்எனர்ஜிஸ் நிறுவனத்தின் ஏறத்தாழ 2,000 கோடி டாலர் மதிப்புள்ள இயற்கை எரிவாயுத் திட்டமும் இருக்கிறது. மற்ற நாடுகளின் அனுபவங்களைத் தேவைப்படும் இடங்களில் சேர்த்துக்கொள்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

வேகம், செலவை ஏற்பவர், சண்டையிடும் திறன், கைமாறாகக் கேட்கப்படுவது, வெளியேற்றம் என ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்ளலாம். முதல் மூன்றைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான்காவது பெரும்பாலும் ஒப்பந்தத்தில் எழுதப்படுவதில்லை என்பதால் பின்னாளில்தான் தெரிய வருகிறது. ஐந்தாவதைத்தான் நான் முதலில் வைப்பேன்: அழைத்த படை எந்த நாளில் போகும், அந்த நாளை யார் தீர்மானிப்பார், போன மறுநாள் அந்த இடத்தில் யார் நிற்பார்?

தமிழ் வாசகருக்கு இது புதிய பாடமில்லை. 1987 ஜூலை ஒப்பந்தத்தையொட்டி இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதி காக்கும் படை அக்டோபரிலேயே போரில் இறங்கியது. 1989 ஜூலை இறுதிக்குள் வெளியேறுமாறு அதிபர் பிரேமதாசா வெளிப்படையாகக் கேட்ட பிறகும், கடைசி வீரர் கப்பலேற 1990 மார்ச் வரை ஆனது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே உயிரிழந்தார்கள். அந்தப் படையின் கையால் தமிழ் மக்கள் பட்டதை இங்கே விரிக்கத் தேவையில்லை. அழைப்பதற்கு ஒரு கையெழுத்து போதும், அனுப்புவதற்கு அது போதாது என்பதை யாழ்ப்பாணமும் சென்னையும் நேரில் கண்டிருக்கின்றன.

| வழி | வந்து சேரும் வேகம் | சம்பளம் தருபவர் | கைமாறாகப் போவது | வெளியேறும் நாளைத் தீர்மானிப்பவர் |
|---|---|---|---|---|
| ஐ.நா. படை | மாதக்கணக்கில் | ஐ.நா. உறுப்பு நாடுகள் | மக்களின் ஏமாற்றம், நிர்வாகச் சார்பு | பாதுகாப்புச் சபை. அழைத்த அரசு போகச் சொன்னாலும் முடிந்தது |
| வட்டார அமைப்பு | வாரங்கள் முதல் ஆண்டுகள் வரை | உறுப்பு நாடுகளும் வெளிக் கொடையாளரும் | அண்டை நாட்டுப் பூசல்கள் உள்ளே வருவது | கொடையாளரின் கருவூலம் |
| தனி நாட்டின் படை | நாட்கள், வாரங்கள் | அனுப்பும் நாடு; ஓரளவு வெளியார் | வணிக ஒப்பந்தங்கள், வெளியுறவில் வாய்மூடல் | அனுப்பும் நாடு |
| கூலிப்படை | நாட்கள், வாரங்கள் | அழைத்த அரசு | கனிமவளம், போர்க்குற்றப் பழி | பணம் நிற்கும் நாள் |
| வல்லரசு | மணிநேரங்கள், நாட்கள் | அந்த வல்லரசு | இறையாண்மை பற்றிய உள்நாட்டுக் கோபம் | இரு தலைநகரங்களின் உள்நாட்டு அரசியல் |

## கூலிப்படை

மொசாம்பிக் முதலில் நாடியது இந்த வழியை. 2019 செப்டம்பரில் வந்த ரஷ்யாவின் வாக்னர் குழு, காடும் சதுப்பும் கலந்த அந்த நிலத்தில் பதுங்கித் தாக்கியவர்களிடம் ஆட்களை இழந்து, சில மாதங்களிலேயே பின்வாங்கியது. அடுத்து 2020 ஏப்ரலில் டிக் அட்வைசரி குரூப் என்ற தென்னாப்பிரிக்க நிறுவனம் இலகுரக ஹெலிகாப்டர்களோடு வந்தது. அவற்றால் மேலிருந்து சுட முடிந்தது. நிலத்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை.

2021 மார்ச் 24 அன்று பால்மா நகரம் தாக்கப்பட்டபோது இது அப்பட்டமாகத் தெரிந்தது. அமருலா என்ற விடுதியில் ஏறத்தாழ 200 பேர் தஞ்சம் புகுந்திருந்தார்கள். நிறுவனத்தின் சிறிய ஹெலிகாப்டர்களில் ஒரு தடவைக்கு ஒரு சிலரை மட்டுமே ஏற்ற முடிந்தது. வெள்ளையரை முதலில் ஏற்றினார்கள் என்று பின்னர் அம்னெஸ்டி இன்டர்நேஷனல் குற்றம் சாட்டியது. நிறுவனம் அதை மறுத்தது. மற்றவர்கள் 17 வண்டிகளில் கடற்கரையை நோக்கித் தப்பப் பார்த்தார்கள். வழிமறித்துத் தாக்கப்பட்டதில் ஏழு வண்டிகளே தப்பியதாகச் செய்திகள் வந்தன. அடுத்த மாதமே அந்த நிறுவனத்தின் ஒப்பந்தம் முடிந்தது. டோட்டலும் தன் பணிகளைக் காலவரையின்றி நிறுத்திவைத்தது.

இந்த வழி எப்போதுமே தோற்றதாகச் சொல்ல முடியாது. 1995இல் சியரா லியோனில், தலைநகர் ஃப்ரீடவுனை நெருங்கிவிட்ட கிளர்ச்சியாளர்களைச் சில நூறு பேரைக் கொண்ட எக்சிகியூட்டிவ் அவுட்கம்ஸ் என்ற நிறுவனம் விரட்டியடித்தது. ஆனால் 1996 நவம்பரில் ஏற்பட்ட அமைதி ஒப்பந்தத்தின்படி அது 1997 ஜனவரியில் வெளியேற, அதே ஆண்டு மே மாதம் ராணுவப் புரட்சியில் அரசு கவிழ்ந்தது. வாடகைக்கு வாங்கிய பாதுகாப்பு, வாடகை நின்றதும் தன்னோடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மாலி 2021 டிசம்பர் முதல் வாக்னரைப் பயன்படுத்தியது. மாதம் 1 கோடி டாலர் தரப்படுவதாக அமெரிக்கத் தளபதி ஒருவர் சொன்னார். 2022 மார்ச் இறுதியில் மூரா என்ற ஊரில் மாலி ராணுவமும் வெளிநாட்டு ஆட்களும் சேர்ந்து குறைந்தது 500 பேரைக் கொன்றதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் அறிக்கை கூறுகிறது. இதுவும் செலவுக் கணக்கில் சேர வேண்டியது. கொல்லப்பட்டவரின் ஊரிலிருந்துதான் தீவிரவாதிகளுக்கு அடுத்த ஆள் கிடைக்கிறான்.

விமானப் போக்குவரத்து, கண்ணிவெடி அகற்றல், குறிப்பிட்ட ஒரு பயிற்சி என்று எல்லை வகுத்த பணிகளுக்கு நிறுவனங்களை அமர்த்தலாம். களத்தின் முன்வரிசையை அவர்களிடம் ஒப்படைப்பதற்கு நான் ஒரு நல்ல காரணத்தையும் கண்டதில்லை.

## தனி நாட்டின் படை

பால்மாவுக்குப் பிறகு, தலைநகர் மபுட்டோவில் இருந்த மொசாம்பிக் அரசு ருவாண்டாவை அழைத்தது. 2021 ஜூலை 9 அன்று ஆயிரம் வீரர்களும் காவலர்களும் வருவதாக அறிவிப்பு வெளியானது. ஓராண்டாகத் தீவிரவாதிகளின் கையிலிருந்த துறைமுக நகரமான மொசிம்போவா ட பிராயா ஆகஸ்ட் 8 அன்று மீட்கப்பட்டது. சரியாக முப்பது நாட்கள்! மொசாம்பிக் முயன்ற வேறெந்த வழியும் இந்த வேகத்தோடு இவ்வளவு நிலத்தை மீட்டுத் தந்ததில்லை. ருவாண்டா வீரர்களில் பலர் சுவாஹிலி பேசுவார்கள்; வடக்குக் கடற்கரை மக்களில் பலருக்கும் அது தெரியும். மபுட்டோவிலிருந்து வரும் சொந்த நாட்டுச் சிப்பாய்க்கு வாய்க்காத வசதி இது. சாவடியில் நிற்கும் ஒரு முதியவரிடம் அவருக்குப் புரியும் மொழியில் பேசுவதற்கும் துப்பாக்கிமுனையால் சைகை காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு எந்த ராணுவ அறிக்கையிலும் எண்ணாக வராது.

இதற்கான விலை வேறு இடங்களில் செலுத்தப்படுகிறது. ருவாண்டா ஆளுங்கட்சியோடு தொடர்புடைய நிறுவனங்கள் காபோ டெல்கடோவில் பாதுகாப்பு, கட்டுமான ஒப்பந்தங்களைப் பெற்றதாகச் செய்திகள் வந்தன. அதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. ருவாண்டாவிலிருந்து தப்பி மொசாம்பிக்கில் அடைக்கலம் புகுந்திருந்த ஒரு செய்தியாளர் 2021 மே மாதம் காணாமல் போனார். அதே சமூகத்தைச் சேர்ந்த ஒரு தொழிலதிபர் செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். தங்களுக்கு இதில் தொடர்பில்லை என்பதே ருவாண்டா தலைநகர் கிகாலியின் நிலை. அங்குள்ள அகதிகளுக்கு அது ஆறுதலாக இல்லை. தங்களைக் காக்க வேண்டிய அரசே, தாங்கள் யாருக்கு அஞ்சி ஓடிவந்தார்களோ அவருக்குக் கடன்பட்டு நிற்பதை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பணமும் அந்தரத்தில் தொங்குவதுதான். ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் படைக்கு 2022 டிசம்பரில் 2 கோடி யூரோவும் 2024 நவம்பரில் மேலும் 2 கோடியும் ஒதுக்கியது. 2025 ஜனவரியில், ருவாண்டாவின் ஆதரவு பெற்றதாக ஐ.நா. நிபுணர்கள் கூறும் எம்23 கிளர்ச்சியாளர்கள் கிழக்குக் காங்கோவின் கோமா நகரைப் பிடித்தார்கள். மார்ச்சில் அதே ஐரோப்பிய ஒன்றியம் ருவாண்டா ராணுவத்தின் தளபதிகள் சிலர் மீது தடை விதித்தது. ஒரே ராணுவம் ஒரு நாட்டில் மீட்பராகவும் இன்னொரு நாட்டில் ஆக்கிரமிப்பாளராகவும் நிற்கும்போது, மொசாம்பிக்கின் பாதுகாப்பு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ள பிரசல்ஸில் நடக்கும் விவாதத்தில் சிக்கிக்கொள்கிறது.

எல்லையை ஒட்டிய நாட்டை அழைத்தால் சிக்கல் இன்னும் கூடும். கிழக்குக் காங்கோவில் தீவிரவாதக் குழு ஒன்றை ஒடுக்க 2021 நவம்பர் இறுதியில் உகாண்டா ராணுவம் காங்கோவின் சம்மதத்தோடு நுழைந்தது. 2022 பிப்ரவரியில், முந்தைய போரில் அதே கிழக்குப் பகுதியில் விளைவித்த சேதத்துக்காக உகாண்டா 32.5 கோடி டாலர் காங்கோவுக்குத் தர வேண்டும் என்று பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கில் எதிர்க்கட்சிக்காரரே களத்தில் காவலாளி. இந்த வழியைத் தேர்ந்தால், எல்லையைத் தொடாத, நிலத்தின் மீது ஆசைப்பட வழியில்லாத, ஒழுங்கான ராணுவம் கொண்ட சிறிய நாடே நல்லது. அந்த ஒரு கணக்கில் மொசாம்பிக் செய்தது சரிதான்.

## வட்டார அமைப்பின் படை

தெற்கு ஆப்பிரிக்க வளர்ச்சிச் சமூகத்துக்குத் தன் உறுப்பு நாடான மொசாம்பிக் வெளியாள் ஒருவரை முதலில் அழைத்தது பிடிக்கவில்லை. ருவாண்டா வந்த சில நாட்களில், 2021 ஜூலை 15 முதல், அதன் படையும் களமிறங்கியது. தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, லெசோத்தோ, தான்சானியா முதலிய நாடுகள் ஆள் அனுப்பின. படை போதவில்லை, ஹெலிகாப்டர் போதவில்லை, பணம் போதவில்லை. மூன்றே ஆண்டுகளில், 2024 ஜூலையில், அது கிளம்பியது. அதற்குள் அதே அமைப்பு கிழக்குக் காங்கோவுக்கும் ஒரு படையை அனுப்பியிருந்தது. கோமா வீழ்ந்த நாட்களில் தென்னாப்பிரிக்க வீரர்கள் 14 பேர் உயிரிழந்தார்கள்; 2025 மார்ச்சில் அந்தப் பணியும் முடிக்கப்பட்டது. அங்கிருந்து வெளியேறிய வாகனங்கள் ருவாண்டா மண் வழியாகவே போக வேண்டியிருந்தது. யாரைத் தடுக்க வந்தார்களோ அவர்களுடைய சாலையில், அவர்களுடைய அனுமதியோடு ஊர் திரும்பினார்கள்.

வட்டாரப் படைகளின் உண்மையான நிலையை அறியச் சோமாலியாவில் ஆப்பிரிக்க ஒன்றியப் படையின் சம்பளப் பட்டியலைப் பார்த்தால் போதும். சிப்பாய் ஒருவருக்கு ஐரோப்பிய ஒன்றியம் மாதம் 1,028 டாலர் தந்தது. அதில் ஏறத்தாழ 200 டாலரை அவருடைய அரசு பிடித்துக்கொள்ளும். 2016இல் ஐரோப்பா 20 சதவீதத்தை வெட்டியது. அதே ஆண்டு, புருண்டி அரசியல் நெருக்கடியையொட்டி அந்நாட்டு அரசின் வழியாகப் பணம் தர ஐரோப்பா தயங்கியதும், வீரர்களைத் திரும்ப அழைப்பதாகப் புருண்டி மிரட்டியது. சோமாலியத் தலைநகர் மொகதிஷுவின் பாதுகாப்பு அப்போது மொகதிஷுவில் தீர்மானிக்கப்படவில்லை. அதற்காக அந்தப் படை பயனற்றது என்றும் சொல்லிவிட முடியாது. 2007இல் உகாண்டா வீரர்களோடு தொடங்கிய அது, 2011 ஆகஸ்டில் அல் ஷபாப் தீவிரவாதக் குழு மொகதிஷுவை விட்டு வெளியேறும் வரை தெருத் தெருவாகப் போரிட்டது. ஐ.நா. படை அந்த இழப்புகளைத் தாங்கியிருக்காது. ஆனால் கென்யாவும் எத்தியோப்பியாவும் உள்ளே வந்தபோது, அவரவர் எல்லைக் கணக்குகளும் கூடவே வந்தன.

இந்த அமைப்புகள் நன்றாகச் செய்வது வேறொரு வேலை. காம்பியாவில் தேர்தலில் தோற்ற அதிபர் ஜாமே பதவி விலக மறுத்தபோது, 2017 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் அமைப்பான எக்கோவாஸ் படையை அனுப்பியது. சில நாட்களில் அவர் நாட்டை விட்டுப் போனார். காம்பியாவின் மூன்று பக்கமும் செனகல் சூழ்ந்திருக்கிறது, ஊரும் சிறியது, உறுப்பு நாடுகளும் ஒரே மனதாக இருந்தன. 2023 ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது இதே அமைப்பு ஒரு வாரக் கெடு விதித்தது, எல்லைகளை மூடியது. நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியது. படை மட்டும் போகவில்லை. 2024 பிப்ரவரியில் பெரும்பாலான தடைகள் விலக்கப்பட்டன. 2025 ஜனவரியில் மாலியும் நைஜரும் புர்கினா ஃபாசோவும் அமைப்பை விட்டே விலகிவிட்டன. நிறைவேற்ற முடியாத மிரட்டலை விட வாய்மூடியிருப்பது மலிவாக இருந்திருக்கும்.

## ஐ.நா. படை

பணத்தைப் பொறுத்தவரை அழைக்கும் அரசுக்கு இதைவிட ஆதாயமான வழி இல்லை. 2018 முதல் ஒரு வீரருக்கு மாதம் 1,428 டாலர் வீதம் அனுப்பும் நாட்டுக்கு ஐ.நா. ஈடுசெய்தது, அந்தச் சுமையை எல்லா உறுப்பு நாடுகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, இரு தரப்பும் களைத்துப்போன பிறகு, ஆயுதங்களைச் சேகரிக்கவும் தேர்தல் நடத்தவும் காவல் துறையைக் கட்டவும் இதற்கு நிகரில்லை. லைபீரியாவில் 2003 முதல் 2018 வரை இருந்த ஐ.நா. படை, தன்னால் முடிந்த அளவு வேலையை முடித்துவிட்டுத்தான் போனது. 2007இல் இந்தியாவின் மத்திய ரிசர்வ் காவல் படையைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் இரவு ரோந்து போனார்கள். போரில் பெண்கள் பட்ட கொடுமைகளுக்குப் பிறகு, சீருடையில் பெண்ணைப் பார்ப்பது அந்த நகரத்துக்குப் புதிது.

காக்க அமைதியே இல்லாத இடத்துக்கு இதே படையை அனுப்பினால் நிலைமை தலைகீழாகிறது. மாலியில் 2013 முதல் இருந்த ஐ.நா. படை 300க்கும் மேற்பட்டோரை இழந்தது. அதன் ஆண்டுச் செலவு 100 கோடி டாலரைத் தாண்டியது. வடக்கிலிருந்த வன்முறை நாட்டின் நடுப்பகுதிக்குப் பரவுவதை அதனால் தடுக்க முடியவில்லை. 2023 ஜூனில் மாலி அரசு வெளியேறச் சொல்ல, டிசம்பருக்குள் அது மூட்டை கட்டியது. காங்கோவில் 1999 முதல் ஐ.நா. படை இருந்தும் கோமா 2012இலும் 2025இலும் இரண்டு முறை வீழ்ந்தது. 25 ஆண்டுகளாக வெள்ளை வண்டிகளைப் பார்த்துவரும் மக்கள், தங்களைக் கொல்கிறவர்களைவிடத் தங்களைக் காக்காதவர்கள் மீதே சில நாட்களில் அதிகம் கோபப்படுகிறார்கள்.

## வல்லரசு

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தலைநகரம் இந்த வாரமே வீழ்ந்துவிடும் என்ற நிலையில் இதற்கு மாற்றில்லை. 2013 ஜனவரியில் மாலியில் தெற்கு நோக்கி வந்த தீவிரவாதிகளைப் பிரெஞ்சுப் படை தடுத்து, மூன்று வாரங்களுக்குள் காவோ, திம்பக்து நகரங்களை மீட்டது. மக்கள் பிரெஞ்சுக் கொடியோடு வரவேற்றார்கள். அன்றே தேதி குறித்துப் புறப்பட்டிருந்தால் வரலாறு வேறாக இருந்திருக்கும். 2022 ஆகஸ்டில் கடைசிப் பிரெஞ்சு வீரர் மாலியை விட்டுப் போனபோது அதே நகரங்களில் வேறு கொடிகள் பறந்தன.

## எந்த நிலைமைக்கு எது

அமைதி ஒப்பந்தம் கையில் இருந்தால் ஐ.நா. படை. ஊர்கள் தீவிரவாதிகளின் பிடியில் இருந்தால், எல்லை தொடாத தனி நாட்டின் படை. சிறிய நாட்டில் பதவியை விட மறுக்கும் ஆட்சியாளரை இறக்க வேண்டும் என்றால் வட்டார அமைப்பு. எதை எடுத்தாலும் கூடவே சொந்த ராணுவத்துக்குப் பயிற்சி தர வேண்டும். ஆனால் அதன் மீதும் அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்கக் கூடாது. மாலியில் 2013 முதல் 2024 வரை ஐரோப்பியப் பயிற்சிப் பணி இருந்தது. இடையில் 2020இலும் 2021இலும் அதே ராணுவம் இரண்டு முறை ஆட்சியைக் கவிழ்த்தது.

மொசாம்பிக்கின் நிலையில் இருந்திருந்தால் நானும் ருவாண்டாவையே அழைத்திருப்பேன். ஆனால் ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்தில் வைத்திருப்பேன். அதில் நான்கு விதிகள் இருக்க வேண்டும்: சம்பளம் எங்கிருந்து வருகிறது, அது நின்றால் என்ன ஆகும்; வெளியேற எத்தனை மாத முன்னறிவிப்பு; ஒவ்வொரு முகாமையும் எந்தத் தேதியில் எந்தப் பிரிவிடம் ஒப்படைப்பது; வெளிநாட்டுச் சிப்பாய் தவறு செய்தால் விசாரிப்பது யார். முகாம்களை ஒப்படைப்பது பற்றிய மூன்றாவது விதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அது இல்லாமல் போனால் நடப்பதை மக்கோமியா காட்டியது. காபோ டெல்கடோவின் நடுவில் உள்ள அந்தச் சிறு நகரம் வட்டாரப் படையின் தென்னாப்பிரிக்கப் பிரிவின் பொறுப்பில் இருந்தது. 2024 மே மாதம் அவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் இடத்தை நிரப்பும் படை இன்னும் வந்து சேரவில்லை. மே 10 அதிகாலை, நூற்றுக்கும் மேற்பட்ட தீவிரவாதிகள் நகருக்குள் நுழைந்தார்கள். மக்கள் காட்டுக்குள் ஓடினார்கள். கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன. ருவாண்டா வீரர்கள் அங்கே முகாம் அமைத்தது அதற்குப் பிறகுதான்.